ஸ்மோக்கி மலை ஓடைகளில் ட்ரவுட்: எது குறைகிறது, எது கூடுகிறது, ஏன்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அட்லாண்டா, ஷார்லட், நாக்ஸ்வில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு நீண்ட வார இறுதி என்றாலே டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காதான். பிள்ளைகள் ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்களுக்குத் தூண்டில் ஆசை வந்துவிடும். அதன்பிறகு கேள்விகளும் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சமையல் குறிப்பு கேட்பவர்கள் மன்னிக்கவும். இந்தப் பக்கம் உயிரோடு இருக்கும் ட்ரவுட்டைப் பற்றியது. குளிர்ந்த ஓடை நீரில் வாழும் மீன் அது.

இந்த ஓடைகளில் எத்தனை வகை ட்ரவுட் இருக்கிறது? எப்படி அடையாளம் காண்பது?

மூன்று. ப்ரூக், ரெயின்போ, பிரவுன். இவற்றில் ப்ரூக் மட்டுமே இந்த மலைக்குச் சொந்தம். மலைவாசிகள் அதை 'ஸ்பெக்' என்பார்கள்.

புள்ளியைப் பார்த்தால் போதும். ப்ரூக்கின் உடல் கருமையாகவும் புள்ளிகள் வெளிறியும் இருக்கும். மற்ற இரண்டும் நேர்மாறு, வெளிறிய உடலில் கரும்புள்ளி. ப்ரூக்கின் முதுகில் புழு ஊர்ந்த தடம் போல நெளிகோடுகள் உண்டு, அடித்துடுப்புகளின் முன்விளிம்பு சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல வெள்ளையாக இருக்கும். ரெயின்போவுக்குப் பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை, வால் முழுக்கப் புள்ளி. பிரவுன் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். கறுப்போடு சிவப்புப் புள்ளியும் இருக்கும், வாலில் புள்ளி அநேகமாக இருக்காது. மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

ஒன்றுதான் சொந்தம் என்றால் மற்ற இரண்டும் எப்படி வந்தன?

மரம் வெட்டியதில் தொடங்குகிறது கதை. 1934-இல் பூங்கா உருவாவதற்கு முன் இந்த மலைகளின் பெரும்பகுதி மரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. டென்னசி பக்கத்தில் 1901-இல் தொடங்கிய லிட்டில் ரிவர் கம்பெனி, ஓடைகளை ஒட்டியே ரயில் பாதை போட்டு 1930-களின் இறுதிவரை வெட்டியது. அதற்கும் முன்னால் சில ஓடைகளில் தற்காலிக அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, வெட்டிய கட்டைகளை உள்ளே போட்டு, அணையை ஒரேயடியாகத் திறந்துவிடும் வழக்கம் இருந்தது. வரும் வெள்ளம் ஓடையின் அடித்தளத்தையே சுரண்டிக்கொண்டு போகும்.

நிழல் போனதால் தண்ணீர் சூடானது. சரிவுகளிலிருந்து கழுவி வந்த வண்டல் சரளைக் கற்களின் இடுக்கை அடைத்தது. ட்ரவுட் முட்டையிடுவது அந்த இடுக்கில்தான். கற்களுக்கிடையே தண்ணீர் ஓடாவிட்டால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். ப்ரூக் அடிவாரத்திலிருந்து காணாமல் போனது இப்படித்தான். அதற்கு மாற்றாக ரெயின்போ கொண்டுவந்து விடப்பட்டது. அது பசிபிக் கரை ஓடைகளின் மீன், சூட்டை ஓரளவு தாங்கும், வேகமாக வளரும், தூண்டிலில் நன்றாகப் போராடும். பூங்கா வந்த பிறகும் மீன் விடுவது நிற்கவில்லை. 1975-இல்தான் நிறுத்தினார்கள்.

பிரவுன் ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாக அமெரிக்காவுக்கு வந்தது, மறு ஆண்டு மிச்சிகனின் பால்ட்வின் ஆற்றில் விடப்பட்டது. ஸ்மோக்கியில் இதைப் பூங்காவுக்கு வெளியே உள்ள ஆறுகளில் மாநிலங்கள் விட்டன. அங்கிருந்து தானாகவே நீந்தி உள்ளே ஏறி வந்தது.

ப்ரூக் எவ்வளவு குறைந்தது?

பூங்காவுக்குள் அது வாழ்ந்த இடங்களில் சுமார் 75 சதவீதத்தை இழந்திருக்கிறது. பூங்காவில் ஏறத்தாழ 4,600 கி.மீ. ஓடைகள் உண்டு, ட்ரவுட் வாழும் அளவுக்குப் பெரியவை அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கின் மேல்நுனியில், பெரும்பாலும் 900 மீட்டருக்கு மேலே, ப்ரூக் இன்று ஒதுங்கியிருக்கிறது.

வாழிடம் சுருங்குவதும் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. ஒதுங்கிய இடத்தில் ப்ரூக் இன்னமும் நெருக்கமாகவே வாழ்கிறது. ஆனால் ஒவ்வொரு மேலோடையும் தனித் தீவாகிவிட்டது. ஒரு ஓடையில் பேரழிவு வந்தால் பக்கத்து ஓடையிலிருந்து மீன் வந்து நிரப்ப வழியில்லை, நடுவில் ரெயின்போவின் ராஜ்ஜியம்.

ரெயின்போ ப்ரூக்கைத் தின்றுவிடுகிறதா?

பெரும்பாலும் இல்லை, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிறு ஓடையில் நல்ல இடம் என்பது கல்லின் மறைவு. வேகமான நீரின் ஓரத்தில் அலுங்காமல் நின்றபடி, அடித்துவரும் பூச்சியைக் கவ்வ வேண்டும். பெரிய மீனுக்குத்தான் அந்த இடம். ரெயின்போ சீக்கிரம் பெரிதாகிறது, பெரிய மீன் அதிக முட்டையிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ப்ரூக் மேலே தள்ளப்படுகிறது.

இந்த மாதிரி இடச்சண்டையை நேரடியாகக் காட்டிய ஆய்வு ஒன்று மிச்சிகனின் ஆ சேபில் ஆற்றில் நடந்தது. ஃபாஷ், வைட் என்ற இருவர் 1981-இல் வெளியிட்டது. அங்கே எதிராளி பிரவுன். பிரவுனை எல்லாம் எடுத்துவிட்ட பிறகு, பெரிய ப்ரூக் மீன்கள் முன்பைவிட நல்ல ஓய்விடங்களுக்கு மாறின. அதற்குமுன் அவை மோசமான இடத்தில் இருந்தது விருப்பத்தால் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

முட்டையிடும் பருவத்திலும் வித்தியாசம் உண்டு. ப்ரூக்கும் பிரவுனும் இலையுதிர் காலத்தில் இடும். ரெயின்போ குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் நேரத்தில் இடும். அதனால் எந்த மாதத்தில் வெள்ளம் வருகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் குஞ்சுகளில் யாருக்கு அடி என்பது மாறும்.

போன வருடம் ஒவ்வொரு மடுவிலும் மீன். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. அழிந்துவிட்டதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் குழப்பப்படுவதும் இதுதான். இரண்டு வகை மாற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம். இந்த மலை ஓடைகளின் பாறையில் சத்து குறைவு, பூச்சி குறைவு, அதனால் மீனின் ஆயுளும் குறைவு. ப்ரூக்கும் ரெயின்போவும் நான்கு வயதைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு வருடக் குஞ்சுகள் வெள்ளத்தில் போய்விட்டால் அடுத்த இரண்டு வருடங்களில் தூண்டிலுக்கு மீன் இருக்காது. வறட்சி வேறு விதம். மடுக்கள் சுருங்குவதால் பெரிய மீன்கள் முதலில் சாகும். ஆனால் பெரியவை குறைந்த ஓடையில் அடுத்து வரும் குஞ்சுகளுக்கு இடம் தாராளம், மளமளவென்று நிரம்பிவிடும். 2007-08-லும் 2016-லும் தென்கிழக்கு மாநிலங்கள் கடும் வறட்சியைப் பார்த்தன, ட்ரவுட் இன்னும் இருக்கிறது. இந்த வகை மாற்றத்துக்குப் பதறவேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் பழையபடி ஆகும்.

இரண்டாவது, கலவை மாறுவது. பத்து மீன் பிடித்தால் எட்டு ப்ரூக், இரண்டு ரெயின்போ என்று இருந்த இடத்தில் ஐந்துக்கு ஐந்து, பிறகு இரண்டுக்கு எட்டு. மொத்த எண்ணிக்கை அப்படியே இருக்கலாம், கூடவும் செய்யலாம். தூண்டிலோடு வருபவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் இது தானாகத் திரும்பாது. என் கவலையெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். மீன் இல்லாத ஓடையைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள், மீன் நிறைந்த ஓடையில் இனம் மாறிப்போனதை யாரும் கவனிப்பதில்லை.

ப்ரூக்குக்கும் ரெயின்போவுக்கும் நடுவிலான எல்லைக்கோடு ஒரே திசையில் நகர்வதும் இல்லை. ரெயின்போ சில ஆண்டுகள் மேலே ஏறும், சில ஆண்டுகள் பின்வாங்கும். ஒரே வருடத்துக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவும் காரணம்.

யார் எண்ணுகிறார்கள், எப்படி?

பூங்காவின் மீன்வளப் பிரிவு, தன்னார்வலர்களின் துணையோடு. ஓடையில் 100 மீட்டர் நீளத்தை அளந்து இரு முனையிலும் வலை கட்டுவார்கள். முதுகில் பேட்டரிப் பெட்டியைச் சுமந்தபடி தண்ணீரில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் மீன்கள் சற்று மயங்கி மிதக்கும். வாளியில் எடுத்து, இனம் பார்த்து, நீளமும் எடையும் குறித்துவிட்டு, கடைசியில் உயிரோடு விட்டுவிடுவார்கள்.

ஒரே துண்டில் மூன்று முறை இப்படிப் போவார்கள். முதல் தடவை 60, இரண்டாவது 20, மூன்றாவது 7 என்று கிடைத்தால் (இவை உதாரண எண்கள்), குறையும் வேகத்தை வைத்து இன்னும் எத்தனை மிச்சம் என்று கணக்கிட்டுவிடலாம். குஞ்சுகளைத் தனியாகவும் பெரியவற்றைத் தனியாகவும் எண்ணுவது முக்கியம், முன் கேள்வியில் சொன்ன இரண்டு மாற்றங்களையும் பிரித்தறிய அதுதான் வழி.

நாம் பிடித்துத் தின்பதால்தானே ப்ரூக் குறைகிறது?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1970-களின் நடுவில் பூங்கா முழுவதும் ப்ரூக் பிடிக்கத் தடை வந்தது. முப்பது வருடம் தடை நீடித்தும், ரெயின்போ ஏறிவந்த இடங்களில் ப்ரூக் திரும்பவில்லை. பிறகு சில ஓடைகளைச் சோதனையாகத் திறந்து, மூடிய ஓடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூண்டிலால் சொல்லத்தக்க பாதிப்பு தெரியவில்லை. 2006-இல் தடை நீங்கியது. இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட மீனில், நாம் எடுப்பதைவிட இயற்கையாகச் சாவது மிக அதிகம்.

இதை எல்லா ஊருக்கும் எல்லா மீனுக்கும் நீட்டிவிடக் கூடாது. இருபது வருடம் வாழும் மீன் என்றால் கணக்கே வேறு.

அமில மழையால் மீன் செத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகம் காற்றில் கலந்து, மழையாகவும் மூடுபனியாகவும் இந்த உயர்ந்த மலைகளில்தான் இறங்கியது. பாறையில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இல்லாததால் அமிலத்தை முறிக்க ஓடைக்கு வலு இல்லை. கனமழை பெய்யும் சில மணி நேரங்களில் பி.ஹெச். சரியும் (அதாவது நீரில் அமிலம் கூடும்), மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வந்து மீனின் செவுளைத் தாக்கும். சில உச்சி ஓடைகளிலிருந்து ப்ரூக் அடியோடு மறைந்தது இப்படித்தான். கீழே ரெயின்போ, மேலே அமிலம். நடுவில் மிஞ்சியதுதான் ப்ரூக்கின் வீடு.

பாறையே அமிலமாக மாறிய கதையும் உண்டு. இங்கே அனகீஸ்டா என்ற பாறை இருக்கிறது, உள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். உடைத்துக் காற்றிலும் மழையிலும் போட்டால் கந்தக அமிலம் கசியும். 1963-இல் நியூஃபவுண்ட் கணவாய்ச் சாலையைச் சீரமைக்கையில் அந்தக் கல்லை நிரப்பப் பயன்படுத்தினார்கள். பீச் ஃபிளாட்ஸ் ஓடையில் கீழ்நோக்கிப் பல கிலோமீட்டருக்கு மீன் செத்தது.

தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தங்களுக்குப் பிறகு காற்றில் கந்தகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மண் பல பத்தாண்டுகளாகச் சேமித்து வைத்ததை மெதுவாகத்தான் விடுகிறது, ஓடை உடனே தேறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ரெயின்போவைவிட ப்ரூக் அமிலத்தைத் தாங்கும். ஓடை தேறத் தேற, அமிலத்துக்குப் பயந்து கீழே நின்ற ரெயின்போவுக்கும் கதவு திறக்கலாம். இது என் ஊகம், ஆனால் காரணமில்லாத ஊகம் அல்ல.

இழந்த ஓடையை ப்ரூக்குக்கு மீட்டுக் கொடுக்க முடியுமா?

முடியும், அருவி இருந்தால். ரெயின்போ தாண்ட முடியாத உயரத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்கியிருக்க வேண்டும். அது இல்லாத ஓடையில் எவ்வளவு உழைத்தாலும் வீண், அடுத்த வருடமே கீழிருந்து ஏறிவிடும்.

சின்ன ஓடை என்றால் மின்சாரம் பாய்ச்சித் திரும்பத் திரும்ப ரெயின்போவைப் பொறுக்கியே தீர்த்துவிடலாம். மேனிஸ் பிராஞ்ச் என்ற ஓடையில் அப்படிச் செய்து வென்றார்கள். கொஞ்சம் பெரியது என்றால் ஆன்டிமைசின். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்தின் மிக நுண்ணிய அளவே மீனின் மூச்சை நிறுத்திவிடும். மருந்து கலக்கும் பகுதி முடியும் இடத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்து அதன் வீரியத்தை முறிப்பார்கள். பிறகு பக்கத்து ஓடைகளிலிருந்து ப்ரூக் கொண்டுவந்து விடுவார்கள். டிரெமாண்ட் பக்கம் உள்ள லின் கேம்ப் ப்ராங்கில் 2008-இல் தொடங்கிய வேலை ஒரே தடவையில் முடியவில்லை, ரெயின்போ மறுபடி தலைகாட்டியது, மறுபடி சுத்தம் செய்தார்கள். 2015-இல் சுமார் 13 கி.மீ. நீளம் தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. போய்ப் பார்க்கத் தகுந்த ஓடை.

ஓடையில் விஷம் கலப்பதா? கேட்கவே பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது, பழைய பாடமும் இருக்கிறது. 1957-இல் இதே பூங்காவின் ஏப்ரம்ஸ் ஓடையின் கீழ்ப்பகுதியில் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி விஷத்தைக் கலந்தார்கள். அப்போது நோக்கம் நேர்மாறு: மற்ற மீன்களை ஒழித்துவிட்டு ரெயின்போ வளர்ப்பது! செத்து மிதந்தவற்றில் விரல் நீளக் கெளுத்தி ஒன்று இருந்தது. அறிவியல் அதுவரை பெயரே வைக்காத மீன். 1969-இல் ஸ்மோக்கி மேட்டம் என்ற புது இனமாக அதை விவரித்தபோது, உலகிலேயே அது மிச்சமில்லை என்று நினைத்தார்கள். நல்லவேளையாக 1980-இல் பக்கத்து சிட்டிகோ ஓடையில் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து எடுத்து வளர்த்து ஏப்ரம்ஸில் மறுபடி குடியேற்றும் வேலை 1980-களில் தொடங்கியது.

இப்போது மருந்து கலப்பது ட்ரவுட் தவிர வேறு மீன் அதிகம் இல்லாத மேலோடைகளில். அதனால் நான் இதற்கு எதிரானவன் அல்ல. ஆனால் ஏப்ரம்ஸ் கதையை மறந்துவிட்டு ஆதரிப்பவர்களைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ப்ரூக் வாங்கி விட்டால் சுலபமாயிற்றே?

பொரிப்பக ப்ரூக் பெரும்பாலும் வட மாநிலங்களின் வம்சம். தென் அப்பலாச்சிய வம்சம் மரபில் வேறு, தென்மேற்கு வர்ஜீனியாவின் நியூ ஆற்றை ஒட்டி இந்தப் பிரிவு வருகிறது. முன்பு விடப்பட்ட வட வம்சத்தின் கலப்பு சில ஓடைகளில் இன்றும் இருக்கிறது. அதனால்தான் மரபணு பார்த்து, பக்கத்து ஓடை மீனையே தேடுகிறார்கள்.

பிரவுனைப் பற்றி ஏன் யாரும் அதிகம் பேசுவதில்லை?

அது உச்சிவரை அதிகம் ஏறுவதில்லை, கீழுள்ள பெரிய நீரோட்டங்களில் ராஜாவாக இருக்கிறது. மற்ற இரண்டும் பூச்சியையே நம்பிச் சீக்கிரம் சாகையில், பிரவுன் நண்டுக்கும் மீனுக்கும் மாறி, பத்து வருடத்துக்கு மேல்கூட வாழ்ந்து பெரிதாகிறது. பகலில் மரவேர் அடியில் கிடக்கும், இருட்டில் வேட்டையாடும்.

வடக்கே மினசோட்டாவின் வேலி கிரீக்கில் 1960-களின் வெள்ளமும் வண்டலும் ப்ரூக்கின் இனப்பெருக்கத்தைக் கெடுத்தபின், பதினைந்து வருடத்தில் பிரவுன் அந்த இடத்தைப் பிடித்ததைத் தாமஸ் வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் வருடம் தவறாமல் அளந்து பதிந்தார். ஒரு அடி விழுந்த இடைவெளியில் அடுத்தவர் நுழைந்துவிடுவது அங்கேயும் அதே கதை.

பருவநிலை சூடாவதால்?

ப்ரூக்குக்கு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தண்ணீர் வேண்டும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. ஏற்கெனவே மலையுச்சியில் இருப்பவருக்கு இன்னும் மேலே போக இடமில்லை. ஓடைக்குக் குடை பிடித்த ஹெம்லாக் மரங்களையும் ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி தின்று தீர்க்கிறது, பூங்காவில் அது தென்பட்டது 2002-இல்.

அப்படியானால் ப்ரூக் எங்கேயும் பாதிக்கப்பட்ட மீன்தானா?

இல்லை! ராக்கி மலைகளில் இதே ப்ரூக்தான் அத்துமீறும் மீன். கிழக்கிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள், அங்கே சொந்த மீனான கட்த்ரோட் ட்ரவுட்டைச் சிறு ஓடைகளிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ப்ரூக்கை ஒழிக்க மருந்து கலக்கிறார்கள். நல்ல மீன், கெட்ட மீன் என்று கிடையாது. எந்த ஓடை என்பதுதான் கேள்வி.

நீலகிரியிலும் ட்ரவுட் உண்டே, அங்கே நிலைமை?

அங்கே எல்லா ட்ரவுட்டும் வந்தேறிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரவுனைக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் நிலைக்கவில்லை. எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கிய பிறகு ரெயின்போ வேர்பிடித்தது. ஆகவே 'நீலகிரி ட்ரவுட் குறைகிறது' என்ற கவலையும் ஸ்மோக்கி ப்ரூக்கைப் பற்றிய கவலையும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. அங்கே முதலில் கேட்கவேண்டியது, ட்ரவுட் வருவதற்கு முன் அந்த ஓடைகளில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்பது.

நான் பிடிப்பதைக் குறித்து வைத்தால் யாருக்காவது பயன்படுமா?

பயன்படும், ஒரே இடத்தை ஒரே பருவத்தில் வருடாவருடம் குறித்தால். இனம், தோராய நீளம், நீரின் வெப்பம், எந்தப் பாலத்துக்கு அல்லது அருவிக்கு மேலே என்பது போதும். மொத்தம் எத்தனை என்பதைவிட இனவாரியாக எத்தனை என்பதை எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: ப்ரூக் ஏமாளி, எதைப் போட்டாலும் கவ்வும். பிரவுன் கள்ளன். உங்கள் ஏட்டில் பிரவுன் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

விதிகள் என்ன?

டென்னசி அல்லது வட கரோலினா உரிமம் வேண்டும். ஒற்றைக் கொக்கியுள்ள செயற்கை இரை மட்டும், புழு கூடாது. நாளுக்கு ஐந்து மீன், ட்ரவுட் 7 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பூங்காவை ஒட்டியுள்ள செரோக்கி, கேட்லின்பர்க் ஊர்களின் நீர்களுக்குத் தனி அனுமதி. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பாருங்கள்.

மீட்ட ஓடையில், அருவிக்கு மேலே, ரெயின்போ மாட்டினால் என்ன செய்வது?

முதலில் அது ரெயின்போதானா என்று வால் புள்ளியைப் பாருங்கள். பக்கவாட்டில் தெளிவாக ஒரு படம், இடம், தேதி எடுத்துப் பூங்காவின் மீன்வளப் பிரிவுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போதும், பல வருட வேலை கெட்டுவிடும். அளவும் எண்ணிக்கையும் விதிக்குள் இருந்தால் அந்த மீனைத் திரும்ப விடாதீர்கள். எதையும் வாளியில் போட்டு வேறு ஓடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், 'பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்' என்றாலும்.